பதினேழு வயதுக்கு ஒரு வாடகை அறை

(கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் பெற்றோர், ஆசிரியர், வீட்டு உரிமையாளர் கூடிய பொதுக்கூட்டமொன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

வீட்டு உரிமையாளர்களே, இன்றைக்கு நான் பேசப்போவதில் பாதி உங்களிடம்தான்.

நம் ஊரில் ஐந்து வயது முடிந்து ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை ப்ளஸ் டூ முடிக்கும்போது அதற்கு 17 வயது. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போகிற பிள்ளைக்கு 15 அல்லது 16. ஐ.டி.ஐ.யில் சேர 14 முடிந்திருந்தால் போதும். செய்யாற்றிலிருந்து சென்னைக்கும், சங்கரன்கோவிலிலிருந்து கோயம்புத்தூருக்கும் ஆண்டுதோறும் பெட்டியும் பக்கெட்டுமாக பஸ் ஏறுகிற பிள்ளைகளில் ஏராளமானோர் சட்டத்தின் கண்ணில் குழந்தைகள். அவர்களைப் படிக்கச் சொல்லி அழைப்பது அரசு. கலந்தாய்வில் இடம் ஒதுக்குவதும் அரசு. ஆனால் அங்கே போய் இறங்கினால், ஓர் அறை எடுக்க அந்தப் பிள்ளை போடும் கையெழுத்துக்கு நம் சட்டத்தில் மதிப்பில்லை.

தனியாக வாழும் மைனர் என்றாலே வீட்டை விட்டு ஓடி வந்த பிள்ளை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அப்படி வந்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் எண்ணிக்கையில் பெரிய கூட்டம், பெற்றவர்களின் ஆசியோடு படிக்க வந்த கூட்டம். அவர்களுக்கு வழி எளிது. அப்பாவோ அம்மாவோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, ஆதார் நகலைக் கொடுத்து, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதில் நான் சொல்ல அதிகம் இல்லை.

அந்தக் கையெழுத்தைப் போட ஆளில்லாத பிள்ளைகளுக்காகத்தான் இங்கே நிற்கிறேன். அம்மா இறந்து, அப்பா வேறு குடும்பமாகிப் போய், பாட்டி வளர்த்த பிள்ளை. அப்பா குடியில் கிடக்க, அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்ய, தானே சமைத்துத் தானே படித்து மதிப்பெண் வாங்கிய பிள்ளை. பத்தாம் வகுப்பு முடிந்ததுமே மாமனுக்குக் கட்டிவைக்கப் பார்த்தார்கள் என்பதால் குழந்தை உதவி எண் 1098-ஐ அழைத்துத் திருமணத்தை நிறுத்திய பெண். அன்றோடு அந்த வீட்டில் அவளுக்குச் சோறு நின்றுபோயிருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடிக்க வந்த 16 வயதுப் பையன். தான் ஆணில்லை, பெண் என்று உணர்ந்து, அதைச் சொன்ன இரவே வெளியே தள்ளப்பட்ட பிள்ளை. இவர்கள் எல்லோருக்கும் தேவை ஒன்றுதான்: பூட்டிக்கொள்ள ஒரு கதவு.

சட்டம் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். 14 முடிந்த வளரிளம் பருவத்தினரை அபாயமில்லாத வேலைகளில் அமர்த்தலாம் என்று 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் அனுமதிக்கிறது. அவன் சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டுமே. 10 வயதுக்கு மேற்பட்ட மைனர்கள் தாங்களே கணக்குத் தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஒரு மைனரின் பெயரில் வீட்டையே தானமாக எழுதி வைக்கலாம். அவன் அதற்கு உரிமையாளன் ஆகிவிடுவான். உழைக்கலாம், சேமிக்கலாம், வீட்டுக்குச் சொந்தக்காரனாகவும் இருக்கலாம். மாதம் 3,000 ரூபாய்க்கு ஒரு லைன் வீட்டை மட்டும் தன் பெயரில் வாடகைக்கு எடுக்க முடியாது.

ஏன் முடியாது? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர் வயது வந்தவராக இருக்க வேண்டும் என்கிறது. அந்த வயது 18. வாடகை என்பது இரண்டு பக்கமும் கடமை சுமக்கிற ஒப்பந்தம். தானமாக வாங்கிக்கொள்ளும்போது மைனருக்குச் சுமை இல்லை; வாடகைக்கு எடுக்கும்போது மாதாமாதம் பணம் கட்டும் சுமை வந்துவிடுகிறது. வேறுபாடு அங்கேதான்.

இந்தப் பிரிவைப் படித்து மட்டும் விட்டுவிட்டால் சட்டம் கல்நெஞ்சாகத் தெரியும். அதன் நோக்கத்தைத் தெரிந்துகொள்ள, சட்டம் படித்த எவரும் முதலாண்டிலேயே சந்திக்கும் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

கல்கத்தா, 1895. தர்மோதாஸ் கோஷ் என்பவருக்குச் சொந்தமாகச் சில வீடுகள் இருந்தன. வயது வரவில்லை, அம்மாதான் நீதிமன்றம் நியமித்த காப்பாளர். அந்த வீடுகளை அடமானம் வைத்து 20,000 ரூபாய் கடன், நூற்றுக்கு 12 வட்டி. கொடுத்தவர் பிரம்மோ தத் என்ற லேவாதேவிக்காரர். அவர் ஊரில் இல்லை. அவருடைய வக்கீல் கேதார்நாத் காரியத்தைப் பார்த்துக்கொண்டார். இந்தப் பேரம் அம்மாவின் காதுக்கு எட்டியது. தன் வக்கீல் மூலமாக ஜூலை 15-ஆம் தேதி கேதார்நாத்துக்குக் கடிதம் அனுப்பினார்: என் மகன் மைனர், அவனுக்குக் கடன் கொடுத்தால் அது உங்கள் பொறுப்பு என்று. கடிதம் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகும் ஐந்தாம் நாள், ஜூலை 20-ஆம் தேதி, அடமானப் பத்திரம் எழுதப்பட்டது. 'நான் மேஜராகிவிட்டேன்' என்று அந்தப் பையனிடமே ஒரு நீண்ட உறுதிமொழியும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். செப்டம்பரில் அம்மா மகனின் சார்பில் வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே பிரம்மோ தத் இறந்துபோக, அவர் தரப்பில் மேல்முறையீட்டை மோஹரி பீபி என்பவர் நடத்தினார். அவர் பெயரால்தான் இந்த வழக்கு இன்றும் வழங்குகிறது. 1903-ல் லண்டனில் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது: மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது.

ஒரு பிள்ளையின் தலைக்கு மேல் இருக்கிற கூரையைக் காப்பாற்றத்தான் இந்தத் தீர்ப்பு பிறந்தது. இதை நீங்கள் மறக்கக் கூடாது. பிள்ளையை ஏமாற்றுகிற பெரியவரைத் தடுக்கக் கட்டிய சுவர் இது. நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, கூரையே இல்லாத பிள்ளை அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம் நிற்கிறது. அதற்காகச் சுவரை இடித்துவிட வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். 17 வயதுப் பிள்ளைகளைச் செயலிக் கடன்காரர்கள் வலைபோட்டுத் தேடுகிற இந்தக் காலத்தில் அந்தச் சுவர் முன்பைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. அதில் ஒரு வாசல் வைத்துத் தர வேண்டும். அந்த வாசல், கையெழுத்துப் போடும் ஒரு பெரியவர்.

இப்போது வீட்டு உரிமையாளர்களின் பக்கம் வருகிறேன்.

என் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். திருவண்ணாமலைப் பக்கம், பாட்டி வளர்ப்பு, செவிலியர் படிப்பில் இடம் கிடைத்து வந்தவள். 18 ஆக இன்னும் சில மாதங்கள் இருந்தன. கல்லூரி விடுதி நிரம்பிவிட்டது. பெரம்பூரில் மாடியில் ஓர் அறை பார்த்திருந்தாள். அங்கே நடந்ததை அவள் சொன்னபடியே சொல்கிறேன். வீட்டுக்கார அம்மா அவளை உட்காரவைத்து மோர் கொடுத்திருக்கிறார். எல்லாம் கேட்டுவிட்டு, "கண்ணு, உன்னைப் பார்த்தா எனக்கும் பாவமாத்தான் இருக்கு. வாடகை நீ குடுத்துடுவ, அது தெரியுது. நடுராத்திரி உனக்கு வாந்தி, காய்ச்சல்னா நான் யாருக்கும்மா போன் பண்ணுவேன்?" என்றிருக்கிறார். "பாட்டிக்கு" என்றாளாம். "பாட்டி திருவண்ணாமலையில இருந்து வர்றதுக்குள்ள?" என்று அந்த அம்மா கேட்டதற்கு இவளிடம் பதில் இல்லை.

அந்த அம்மாவை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. பணம் போய்விடுமே என்பது அவருடைய பயமில்லை. மைனர் குடியிருக்கும் வீட்டில் அடிபட்டாலோ, காதல் விவகாரமானாலோ, யாராவது தேடி வந்து தகராறு செய்தாலோ முதலில் பதில் சொல்ல வேண்டியவர் கீழ்வீட்டில் இருக்கும் அவர்தான். குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொல்கிற ஊரில், 'காப்பாளர்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு யார் கொடுப்பார்கள்?

ஆனால் எல்லா மறுப்பும் இந்த அக்கறையிலிருந்து வருவதில்லை. "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு வயதைக் காரணமாகச் சொல்லும் வீடுகள் இந்த நகரத்தில் உண்டு. "கறி சமைப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, அறை நேற்றே போய்விட்டது என்று சொல்லும் வீடுகளும் உண்டு. பெரியவர்களிடம் சொல்லக் கூசுகிற மறுப்பைப் பிள்ளைகளிடம் சொல்வது எளிதாக இருக்கிறது. திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்ற தைரியம். இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். பிறந்த சாதியைக் கேட்டுக் கதவைச் சாத்துகிறவர் வயதின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது.

நல்ல மனதோடு தயங்குகிறவர்களுக்கு, தொழில் முறையில் நான் எழுதிக்கொடுக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தை மைனரின் பெயரில் எழுதவே எழுதாதீர்கள். வயதைக் கூட்டிச் சொல்லி எழுதிக்கொள்வதும் வேண்டாம். பொய்யான வயதை நம்பி எழுதிய பத்திரத்தை வைத்தும் மைனரைக் கட்டுப்படுத்த முடியாது. வாடகைதாரர் ஒரு பெரியவராக இருக்கட்டும்: பாட்டியோ, சித்தப்பாவோ, ஆசிரியரோ. குடியிருப்பவர் அந்தப் பிள்ளை. இந்த இரண்டையும் பத்திரத்திலேயே பிரித்து எழுத வேண்டும். நான் எழுதும் வாசகம் இப்படிப் போகும்: 'வாடகைதாரர் மேற்படி அறையைத் தம் பொறுப்பில் உள்ள இன்னாரின் குடியிருப்புக்காக எடுத்துள்ளார் என்பதும், இன்னார் அதில் தங்குவது உள்வாடகை ஆகாது என்பதும் இரு தரப்புக்கும் சம்மதம்.' அந்த 'உள்வாடகை ஆகாது' என்ற சொற்கள் முக்கியம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள நம் மாநில வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது. பெரியவர் பெயரில் பத்திரம் இருக்க, பிள்ளை மட்டும் குடியிருந்தால், பின்னால் மனம் மாறிய ஓர் உரிமையாளர் அதையே காரணமாக்கிக் காலி செய்யச் சொல்லலாம். ஒரு வரி எழுதிவிட்டால் அந்த வழி அடைபடும்.

சிலர் மைனர் பெயரில் பத்திரம் எழுதிவிட்டு, பெரியவரிடம் ஜாமீன் கையெழுத்து வாங்குகிறார்கள். அதை நான் ஆதரிப்பதில்லை. மூலக் கடனே செல்லாது என்றால் ஜாமீன் என்ன ஆகும் என்று நீதிமன்றத்தில் நின்று வாதாடும் வேலை யாருக்கும் வேண்டாம். பெரியவர் நேரடியாகப் பொறுப்பேற்கட்டும்.

பிள்ளைக்கு 18 முடிந்தால் பழைய பத்திரத்தின் ஓரத்தில் ஒரு கையெழுத்து வாங்கி ஒப்பேற்றக் கூடாது. மைனராக இருந்தபோது போட்ட ஒப்பந்தத்தை மேஜரான பிறகு 'ஏற்கிறேன்' என்று சொல்லிச் செல்லுபடியாக்க முடியாது. புதுப் பத்திரம் எழுதுங்கள். அந்தப் பிள்ளை தன் பெயரில் போடும் முதல் கையெழுத்தாக அது இருக்கட்டும்.

அட்வான்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது ஊர் வழக்கம். நான் முன்பு சொன்ன வாடகைச் சட்டம் காட்டும் அளவு மூன்று மாத வாடகை. பாட்டியின் கம்மலை வைத்துப் பணம் கொண்டுவரும் பிள்ளையிடம் பத்து மாதம் கேட்காதீர்கள். வாங்குகிற தொகைக்கு ரசீது கொடுங்கள். அறையைக் காலி செய்யும்போது பணம் திரும்பவில்லை என்றால், ஒரு மைனர் தானாக வழக்குப் போடக்கூட முடியாது; அவன் சார்பில் ஒரு பெரியவர் போட வேண்டும். அந்த நிலையைத் தெரிந்துகொண்டே சுண்ணாம்பு அடித்த செலவு, குழாய் மாற்றிய செலவு என்று முழு அட்வான்ஸையும் கழித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தச் சட்டத்தின் 68-ஆம் பிரிவை இங்கே யாரும் பேசுவதில்லை. ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லாத ஒருவருக்கு, அவருடைய வாழ்க்கை நிலைக்குத் தேவையான அத்தியாவசியங்களை ஒருவர் அளித்தால், அதற்கான ஈட்டை அவருடைய சொத்திலிருந்து பெறலாம் என்கிறது அது. உணவு, உடைபோல உறைவிடமும் அத்தியாவசியம்தான். அதாவது, மைனருக்கு இடம் கொடுத்த நல்ல மனிதரைச் சட்டம் வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. ஆனால் அந்த ஈடு பிள்ளையின் சொத்திலிருந்துதான் வரும். பிள்ளையின் உடலையோ வருங்காலச் சம்பளத்தையோ பிடித்துக்கொள்ள முடியாது. சொத்தே இல்லாத பிள்ளையிடம் அந்தப் பிரிவு ஏட்டளவில்தான். அதனால்தான் திரும்பத் திரும்ப அந்தப் பெரியவரிடமே வந்து நிற்கிறேன்.

தனியறையா, விடுதியா என்று கேட்பவர்களுக்கு என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். 18 முடியாத பிள்ளைக்கு, குறிப்பாகத் துணையில்லாமல் வந்த பிள்ளைக்கு, முறையாக உரிமம் பெற்ற விடுதிதான் முதல் தேர்வு. வார்டன் இருப்பார், நேரத்துக்குச் சோறு இருக்கும், கூட நாலு பேர் இருப்பார்கள். ஆனால் உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். 2014-ல் பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் தூங்கிக்கொண்டிருந்த சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகுதான் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் அதே ஆண்டில் இந்த மாநிலத்தில் வந்தது. சட்டம் வந்து நான்கு ஆண்டுகள் கழித்தும், 2018 டிசம்பரில், சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஒளித்து வைத்திருந்த கேமராக்கள் பிடிபட்டன. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. உரிமச் சான்று விடுதியின் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். மகளைச் சேர்க்கப் போகும் பெற்றோர் மெனுவைக் கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள். கேட்க ஆளில்லாமல் வரும் பெண்ணுக்காக அவளுடைய ஆசிரியர் போய்க் கேளுங்கள்.

ஒன்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதியில் கட்டில் எடுப்பவர் வாடகைதாரர் ஆவதில்லை. தங்குவதற்கு அனுமதி பெற்றவர், அவ்வளவுதான். நாளைக்கே காலி செய் என்றால் எதிர்த்து நிற்க அவருக்குச் சட்ட பலம் குறைவு. அதனால் கட்டணம், முன்பணம், அறிவிப்புக் காலம் மூன்றையும் சேரும்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

இதெல்லாம் புதிய கவலையா என்று ஒருவர் கேட்கலாம். 1916-ல் இதே சென்னையில், திருவல்லிக்கேணி அக்பர் சாகிப் தெருவில் ஒரு மருத்துவர் ஒரு வீட்டை எடுத்தார். டாக்டர் சி. நடேச முதலியார். வெளியூரிலிருந்து கல்லூரிக்கு வந்த பிராமணரல்லாத பிள்ளைகளுக்குத் தங்க இடமில்லை, சில இடங்களில் உட்கார்ந்து சாப்பிடவும் இடமில்லை. அவர்களுக்காக அவர் திறந்தது திராவிடர் இல்லம். நீதிக்கட்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதை அரசியல் நிகழ்ச்சியாகப் பதிவு செய்கிறார்கள். சரிதான். ஆனால் அதன் முதல் வேலை ஒரு பையனுக்குப் பாய் விரிக்க இடம் கொடுத்தது. அதே 1916-ல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடம் மட்டும் கட்டிவிட்டால் பிள்ளை படித்துவிடாது, இரவு தலைசாய்க்க இடம் வேண்டும் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்காக இன்று அரசு நடத்தும் விடுதிகள் அந்த நினைப்பின் வாரிசுகள். அவற்றின் கழிப்பறைகளையும் சமையலையும் பற்றிப் பேச ஒரு முழுக் கூட்டம் வேண்டும். இன்றைக்கு அதற்குள் போகவில்லை.

வெளிநாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? ஸ்காட்லாந்தில் 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி 16 வயது நிரம்பியவர் பொதுவாக ஒப்பந்தம் செய்யலாம். வாடகை வீடும் எடுக்கலாம். எல்லைக்கு மறுபுறம் இங்கிலாந்தில் 18 முடியாதவர் நிலத்தின் மீது சட்ட உரிமை பெற முடியாது. ஆனால் அங்கே 2009-ல் ஒரு தீர்ப்பு வந்தது. அம்மா வீட்டை விட்டு அனுப்பிவிட்ட 17 வயதுப் பையன், லண்டன் சதர்க் நகராட்சியிடம் போனான். குழந்தைகள் நலத்துறை அவனை வீட்டுவசதித் துறையிடம் தள்ளிவிடப் பார்த்தது. வீடில்லாத பிள்ளை முதலில் பிள்ளை, வீடில்லாதவன் என்பது அதற்கு அடுத்துத்தான், ஆகவே குழந்தைகள் நலத்துறையே இடம் தர வேண்டும் என்ற பொருளில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். கலிபோர்னியாவில் 14 வயது முடிந்து, பெற்றோர் சம்மதத்தோடு தனியே வாழ்ந்து, தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளை நீதிமன்றத்தில் மனுப்போட்டுத் தன்னைப் பெரியவராக அறிவிக்கக் கேட்கலாம். அதில் எனக்கு அத்தனை ஈர்ப்பு இல்லை. காகிதத்தில் பெரியவராகிவிட்ட பிள்ளைக்கும் நடுராத்திரியில் காய்ச்சல் வரும்.

நான் மனதார விரும்பும் ஏற்பாடு ஜப்பானில் இருக்கிறது. அங்கே வாடகை வீட்டுக்கு ஜாமீன்தாரர் கேட்பது வழக்கம். 2022 ஏப்ரல் 1 வரை மேஜர் வயது அங்கே 20. குழந்தைகள் இல்லத்திலிருந்து வெளியேறும் பிள்ளைக்கு யார் ஜாமீன்? அந்த இல்லத்தின் தலைவரே கையெழுத்துப் போடுகிறார். பிள்ளை வாடகை பாக்கி வைத்து, அந்தச் சுமை தலைவர் மேல் விழுந்தால், அதை ஈடுகட்ட ஓர் அரசுத் திட்டம் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிற மனிதர் தன் வீட்டை விற்க வேண்டியதில்லை. இதுதான் நான் சொன்ன வாசல். ஒரு மனிதரின் நல்ல மனதும், அந்த மனது நொடிந்துபோகாமல் தாங்க ஓர் அரசும்.

நம் ஊரில் இதற்கு வேண்டிய அமைப்புகள் பாதி இருக்கின்றன. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், வீடோ நிலையான தங்குமிடமோ பிழைப்பு வழியோ இல்லாத பிள்ளையைப் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்கிறது. மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. ஆனால் அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே தீர்வு: இல்லத்தில் சேர்ப்பது. நன்றாகப் படித்துக்கொண்டோ, முறையான வேலையில் இருந்துகொண்டோ தன் காலில் நிற்கும் 17 வயதுப் பிள்ளை, வேறு ஊர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தே அந்த அலுவலகத்துக்குப் போவதில்லை. தெரிந்தவரின் தெரிந்தவர் கொடுக்கும் மூலை அறைக்குப் போகிறது. ரசீது கேட்காத, கேள்வியும் கேட்காத அறைகள் அவை. ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது.

இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கோ 18-ஆவது பிறந்தநாள் ஒரு பள்ளம். அதே சட்டத்தின் 46-ஆம் பிரிவு பின்பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறது. 21 வயது வரை உதவலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அதற்கு மாதம் 4,000 ரூபாய். சென்னையில் அந்தத் தொகை ஒரு விடுதிக் கட்டிலுக்கும் சோற்றுக்கும் எட்டுமா என்பதை இங்கிருக்கும் விடுதிக்காரர்களே சொல்லட்டும். பணம் ஒருபக்கம். 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்தில் இல்லத்தின் பெயரை எழுதியதைப் பார்த்ததும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையாளர்கள் மறுபக்கம்.

ஆகவே அரசிடம் என் கோரிக்கை இது. பெற்றோர் கையெழுத்துக் கிடைக்காத 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கும், இல்லத்திலிருந்து வெளியேறுபவர்களுக்கும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகே வாடகைப் பத்திரத்தில் வாடகைதாரராகக் கையெழுத்திட வேண்டும். மூன்று மாத வாடகை அளவுக்கு ஒரு நிதியை மாவட்டத்தில் ஒதுக்கி, பாக்கி விழுந்தால் உரிமையாளருக்கு அலையவிடாமல் கொடுக்க வேண்டும். அலகின் சமூகப் பணியாளர் மாதம் ஒருமுறை அந்த அறைக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்து வர வேண்டும். பெரம்பூர் அம்மா கேட்ட கேள்விக்கு, இரவிலும் எடுக்கிற ஒரு தொலைபேசி எண் பதிலாக இருக்க வேண்டும். கலந்தாய்வில் இடம் ஒதுக்கும்போதே, 'உனக்குத் தங்க இடம் இருக்கிறதா, கையெழுத்துப் போட ஆள் இருக்கிறாரா' என்ற கேள்வியை விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதுபவர்களின் பட்டியல் கல்லூரி திறப்பதற்கு முன்பே ஆட்சியர் மேசைக்குப் போக வேண்டும்.

அரசு செய்யும்வரை வகுப்பு தொடங்காமல் இருக்காது. இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் காலியாக ஓர் அறை இருந்தால் அங்கே முகவரி கொடுங்கள். அறை இல்லாதவர்கள், ஒரு பிள்ளைக்கு உள்ளூர்க் காப்பாளராகக் கையெழுத்துப் போட முடியும் என்றால் பெயர் கொடுங்கள். உங்கள் பொறுப்பு இத்தனை மாத வாடகைக்கு மேல் போகாது என்று பத்திரத்திலேயே வரம்பு எழுதித் தருகிறோம். பத்திரம் எழுதும் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆசிரியர்கள், உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அவளைத் தனியாக அனுப்ப வேண்டாம். கூடவே அழைத்து வாருங்கள். வரும்போது ஆதார் நகலும் கல்லூரிச் சேர்க்கைக் கடிதமும் கொண்டுவந்தால் போதும். பிறந்த தேதியை மட்டும் உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள்.